ஆள் நிற்கிற கடையில்தான் வியாபாரமும் நிற்கும்

(வெள்ளவத்தையில், மலையக இளைஞர்களை வேலைக்கு வைத்திருக்கும் கடை முதலாளிமாரும் அந்த இளைஞர்களின் பெற்றோரும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை. வாசகர்களின் நன்மை கருதி இங்கே தருகிறோம்.)



தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தருக்குக் கொழும்புக் கடைகளில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். பிள்ளைக் காம்பரா, லயத்துக் கூரை, தண்ணீர்க் குழாய், கர்ப்பிணித் தாய்மாரின் கிளினிக், இவைதான் எங்கள் வேலை. ஆனால் இன்று எங்கள் டிவிசனில் எந்த லயத்துக்குப் போனாலும் ஒரு தாய், "சேர், மகன் கொழும்பில கடையில நிக்கிறான்" என்று சொல்லாமல் விடுவதில்லை. பிள்ளை இங்கே நன்றாக இருந்தால் அங்கே அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. இங்கே அவனுக்கு ஒரு குறை வந்தால் அந்தத் தாய் மறுநாள் காலையில் எங்கள் கந்தோர் வாசலில் நிற்கிறாள். அதனால் உங்கள் கடைக்கும் எங்கள் லயத்துக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியிருக்கிறது. அந்தக் கயிற்றைப் பற்றித்தான் நாங்கள் பேச வந்தோம்.

முதலாளிமார் எங்களிடம் சொல்லும் குறை ஒன்றுதான். "பொடியன்கள் நிற்கிறார்களில்லை. மூன்று மாதம் பழக்கி எடுத்தால் நாலாம் மாதம் ஓடிவிடுகிறார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிற காலம் போய்விட்டது." பெற்றோர் சொல்லுகிற குறையும் ஒன்றுதான். "பிள்ளைக்கு மரியாதை இல்லை சேர். சம்பளம் எப்போ வருமென்று தெரியாது." இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் இரண்டு பக்கத்தில் நின்று சொல்லுகிறார்கள் என்பது எங்களுக்கே மிகவும் பிந்தித்தான் விளங்கியது. அது விளங்கிய கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். அதில் எங்கள் பிழையும் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன், எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன் கொழும்பில் ஒரு பலசரக்குக் கடைக்கு வேலைக்கு வந்தான். வயது பதினெட்டு. தகப்பனார் கேட்டுக்கொண்டபடி நாங்கள்தான் கூட்டிக்கொண்டு வந்து விட்டோம். முதலாளி அடையாள அட்டையை வாங்கி லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். "சம்பளத்தை மாதாமாதம் கொடுத்தால் வீணாக்கிவிடுவான். ஊருக்குப் போகும்போது மொத்தமாகத் தருகிறேன்" என்றார். நல்ல மனிதர், பிள்ளையின் நன்மைக்குத்தான் சொல்லுகிறார் என்று நாங்களும் தலையாட்டிவிட்டுப் போனோம்.

இரண்டாம் மாதம் பையன் எங்களுக்குப் போன் எடுத்தான். காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால் இரவு பதினொன்று ஆகிறது, மூட்டைகளுக்கு நடுவில்தான் படுக்கை, வாடிக்கைக்காரர் முன்னால் வாய்க்கு வந்தபடி ஏசுகிறார் என்றான். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "பொறுத்துக்கொள் தம்பி, முதல் வருடம் எல்லா இடத்திலும் அப்படித்தான்." ஐந்தாம் மாதம் அவனுடைய பாட்டி இறந்துபோனார். தீபாவளி வியாபாரம் நடக்கிற நேரம். இரண்டு நாள் லீவு கேட்டான், கிடைக்கவில்லை. அன்றிரவே சம்பளமும் இல்லாமல், அடையாள அட்டையும் இல்லாமல், ஒரு சினேகிதனிடம் பஸ் காசு கடன் வாங்கிக்கொண்டு ஹட்டன் பஸ்ஸில் ஏறிவிட்டான்.

மறுநாள் முதலாளி எங்களைக் கூப்பிட்டு, "உங்கள் பிள்ளை சொல்லாமல் ஓடிவிட்டான்" என்றார். நாங்களும் பையனைக் கூப்பிட்டுக் கண்டித்தோம். அவன் தலையைக் குனிந்தபடி சொன்னான்: "சேர், நான் அஞ்சு மாசமா சொல்லிக்கிட்டுத்தானே இருந்தேன். உங்ககிட்டயும் சொன்னேன்."

அந்தப் பேச்சுக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

பிறகு நாங்கள் நேரில் வந்து அடையாள அட்டையை வாங்கினோம். சம்பளம் வந்து சேர இன்னும் நாலு மாதம் சென்றது. ஆனால் இன்று சொல்ல வந்தது அந்தப் பையனுக்கு வந்த நட்டத்தை அல்ல. முதலாளிக்கு வந்த நட்டத்தை. தீபாவளிக்கு முந்திய பத்து நாள் அந்தக் கடையில் ஆள் இல்லை. எந்தச் சாமான் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரிந்தவன் போய்விட்டான். எங்கள் தோட்டத்தில் வேறு மூன்று பையன்கள் வேலை தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவனும் அந்தக் கடைக்குப் போகச் சம்மதிக்கவில்லை. லயத்தில் ஒரு செய்தி பரவ ஒரு இரவு போதும்.

வர்த்தகப் பெருமக்களே, ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பையனுக்கு மாதம் 2,000 ரூபாய் கூட்டிக் கொடுத்தால் வருடத்துக்கு 24,000 ரூபாய். இது கொப்பியில் செலவென்று எழுதப்படுகிறது. பழகிய ஒருவன் போய்ப் புதியவன் வந்தால் என்ன ஆகிறது? தரகருக்குக் காசு. இரண்டு மூன்று மாதம் பழக்க வேண்டும். அதுவரை பில்லில் பிழை, நிறுவையில் பிழை, மீதிக் காசில் பிழை. உடுப்புக் கடையென்றால், கலியாணத்துக்குச் சேலை எடுக்க வந்த குடும்பத்துக்கு எந்த அலுமாரியைத் திறப்பது என்று அவனுக்குத் தெரியாது. சாப்பாட்டுக் கடையென்றால், தேநீர் போடுகிறவர் மாறினால் தேநீரின் ருசி மாறும். பத்து வருடமாக அதே மேசையில் இருந்து குடித்தவர் பேசாமல் எழும்பி அடுத்த கடைக்குப் போய்விடுவார். இவையெல்லாம் எந்தக் கொப்பியிலும் எழுதப்படுவதில்லை. எழுதப்படாததால் நட்டமே இல்லையென்று நினைக்கிறோம்.

இது கொழும்புக் கடைக்கு மட்டும் உரிய கதையல்ல. எங்கள் தோட்டங்கள் இந்தப் பாடத்தை மிகவும் விலை கொடுத்துப் படித்துக்கொண்டிருக்கின்றன. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோது அவற்றில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இருந்தார்கள். இன்று அதில் பாதிப் பேர்கூட இல்லை. தேயிலைச் செடிக்கு ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்பது பெற்றோர்களுக்குத் தெரியும், முதலாளிமாருக்காகச் சொல்லுகிறோம். ஏழு நாளுக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய மலையை ஆள் இல்லாமல் பத்து, பதினாலு நாளுக்கு ஒருமுறை எடுத்தால் கொழுந்து முற்றிவிடும். முற்றிய இலையில் நல்ல தூள் வராது. கொழும்பு ஏலத்தில் விலை விழும். விலை விழுந்ததால் சம்பளம் கூட்ட முடியாது என்பார்கள். சம்பளம் கூடாததால் இன்னும் பத்துப் பேர் கொழும்புக்குப் பஸ் ஏறுவார்கள். செக்கு மாடு மாதிரி இந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

அந்த வட்டத்தை ஒரு சின்ன இடத்தில் நாங்கள் உடைத்துப் பார்த்தோம். எங்கள் டிவிசனில் காலையில் பெரட்டு முடிந்த பிறகுதான் பிள்ளைக் காம்பரா திறக்கும். கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளையை விட்டுவிட்டு மலைக்குப் போகப் பிந்திவிடும். பிந்தினால் அரைப் பேர் என்று பயந்து பலர் வீட்டிலேயே நின்றுவிடுவார்கள். கங்காணி அவர்களைச் சோம்பேறிகள் என்பார். நாங்கள் துரையிடம் போய், காம்பராவை அரை மணித்தியாலம் முந்தித் திறக்க அனுமதி கேட்டோம். "இதனால் தோட்டத்துக்கு என்ன இலாபம்?" என்று கேட்டார். ஒரு மாதம் பார்ப்போம் சேர் என்றோம். மாத முடிவில் அவரே செக்ரோலைப் புரட்டிப் பார்த்தார். சோம்பேறிகள் என்று பேர் வாங்கிய அதே பெண்கள் மலையில் நின்றார்கள். செலவு ஆயம்மாவுக்கு அரை மணித்தியாலத்துக் கூலி மட்டுந்தான். அன்றிலிருந்து அந்தத் துரை எங்களிடம் "என்ன இலாபம்" என்று கேட்பதில்லை, "வேறு என்ன குறை" என்று கேட்கிறார்.

வெளி உலகத்திலும் இதற்குப் பேர்போன சான்று இருக்கிறது. அமெரிக்காவில் ஃபோர்ட் மோட்டார் கம்பனியில் 1913ஆம் ஆண்டில் சுமார் 14,000 பேர் வேலை செய்த தொழிற்சாலைக்கு அந்த ஒரு வருடத்தில் மட்டும் 50,000க்கு மேற்பட்டவர்களைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. வந்தவர்கள் நிற்கவில்லை. வேலை அப்படி, நடத்தின விதமும் அப்படி. 1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்ட் நாட்சம்பளத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி ஐந்து டொலர் என்று அறிவித்தார். ஒன்பது மணித்தியால வேலையை எட்டாகக் குறைத்தார். விட்டுப் போகிறவர்கள் மளமளவென்று குறைந்தார்கள். காரின் விலையையும் குறைத்து, இலாபத்தையும் கூட்டினார். அவர் தருமம் செய்யவில்லை. கணக்குத் தெரிந்த வியாபாரி. அந்தச் சம்பளத்துக்கு நிபந்தனைகளும் வைத்தார், தொழிலாளர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கவும் ஆள் அனுப்பினார். அது பிழை. ஆனால் ஆள் நின்றால்தான் தொழில் நிற்கும் என்ற கணக்கு பிழையல்ல.

எங்களுக்கு இன்னும் கிட்டிய உதாரணம் மூணாறு. கேரளத்தில் இருந்தாலும் அங்கே கொழுந்து எடுக்கிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் எங்களைப் போன்ற தமிழர்கள். 2005இல் டாட்டா டீ கம்பனி அந்தத் தோட்டங்களை நடத்துவதில் இருந்து விலகியபோது, கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்ற புதிய கம்பனி உருவானது. அதன் பங்குகளில் பெரும்பகுதி தொழிலாளர்களிடமும் உத்தியோகத்தர்களிடமும் கொடுக்கப்பட்டது. நட்டத்தில் ஓடிய தோட்டங்கள் இலாபத்துக்கு வந்தன. தொழிலாளியும் பங்காளி என்று எல்லோரும் புகழ்ந்தார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2015 செப்டம்பரில் போனஸ் 20 வீதத்தில் இருந்து 10 வீதமாகக் குறைக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் மலையை விட்டு இறங்கி மூணாறு வீதியில் உட்கார்ந்துவிட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையே கிட்ட வர விடவில்லை. 'பெம்பிளை ஒருமை' என்று தங்களுக்குத் தாங்களே பேர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாள் தோட்டமும் ஓடவில்லை, பட்டணமும் ஓடவில்லை. கடைசியில் போனஸும் அதற்கு மேல் கொடுத்த தொகையுமாக 20 வீதம் கொடுக்க ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. இதில் இருந்து நாம் படிக்க வேண்டியது என்ன? கையில் பங்குப் பத்திரம் கொடுத்தாலும், காது கொடுக்காவிட்டால் ஒருநாள் எல்லாம் நின்றுபோகும். அந்தப் பெண்களும் எங்கள் பையனைப் போல அதுவரை பேசாமல் இருந்திருக்க மாட்டார்கள். கேட்கத்தான் ஆள் இருந்திருக்காது.

சரி, கடையில் என்ன செய்ய வேண்டும்? பெரிய காரியம் ஒன்றும் இல்லை. முதலில் சட்டம் சொல்லுவதைச் செய்தால் போதும். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் வேலை வாங்கினால் மேலதிக நேரச் சம்பளம் ஒன்றரை மடங்கு. வாரத்துக்கு ஒன்றரை நாள் ஓய்வு. ஒரு வருடம் முடிந்தால் 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் அமய லீவு. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 வீதம். தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. 2021இல் வந்த திருத்தத்தின் பிறகு 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைக்கவே முடியாது. பெற்றோர்களே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான். வயதைக் கூட்டிச் சொல்லிப் பிள்ளையை அனுப்பாதீர்கள். எங்களிடம் கடிதம் கேட்டும் வராதீர்கள்.

சில முதலாளிமார் சொல்லுவார்கள், "எங்கள் கடையில் சட்டமெல்லாம் இல்லை, சொந்தப் பிள்ளை மாதிரித்தான் வைத்திருக்கிறோம்" என்று. சந்தோஷம். ஆனால் சொந்தப் பிள்ளைக்குச் சேமலாப நிதி வேண்டாமா? சொந்தப் பிள்ளையின் அடையாள அட்டையை யாராவது லாச்சியில் பூட்டுவார்களா? அன்பு சம்பளத்துக்கு மேலே வைக்கிற பொருள், சம்பளத்துக்குப் பதிலாக வைக்கிற பொருளல்ல.

இன்னொருவர் எழும்பி, "நாங்களும் அந்தக் காலத்தில் கடைத் திண்ணையில் படுத்துத்தான் முன்னுக்கு வந்தோம்" என்பார். உண்மை. உங்கள் உழைப்பை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் அந்தக் காலத்தில் உங்களுக்குப் போக வேறு இடம் இருக்கவில்லை. இன்று எங்கள் பையனுக்கு ஆடைத் தொழிற்சாலை இருக்கிறது, சுப்பர் மார்க்கெட் இருக்கிறது, கட்டார் இருக்கிறது, டுபாய் இருக்கிறது. அவனுடைய கையில் இருக்கும் போனில் எல்லாச் சம்பளமும் தெரிகிறது. முதலாளி அவனைத் தெரிவு செய்கிற மாதிரி அவனும் முதலாளியைத் தெரிவு செய்கிறான்.

"வியாபாரமே இல்லை, எங்கிருந்து கொடுப்பது?" என்பது மூன்றாவது கேள்வி. இது நியாயமான கேள்வி. இதற்கு நாங்கள் பதில் சொல்லுவதை விட, கொட்டாஞ்சேனையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு கடை சொல்லட்டும். சின்ன இரும்புக் கடை. எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் அங்கே இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறார். கடைச் சாவி அவரிடம்தான். 2022இல் நாடே பெற்றோல் வரிசையில் நின்றபோது அந்த முதலாளி நாலு தொழிலாளரையும் இருத்திக் கணக்குக் கொப்பியைத் திறந்து காட்டினாராம். "இவ்வளவுதான் வருகிறது. ஒருவரையும் அனுப்ப மாட்டேன். என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்" என்றாராம். அவர்கள் பேசி, கடை திறக்கிற நாட்களைக் குறைத்து, சில மாதம் குறைந்த சம்பளத்துக்குச் சம்மதித்தார்கள். நிலைமை சீரானதும் முதலாளி குறைத்ததைத் திருப்பிக் கொடுத்தார். அந்த நாலு பேரும் இன்னும் அங்கேதான். நாங்கள் அந்த அண்ணனிடம், "இவ்வளவு காலம் எப்படி நின்றீர்கள்?" என்று கேட்டோம். அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "சம்பளம் அஞ்சாம் திகதின்னா அஞ்சாம் திகதி. எங்கம்மா செத்தப்ப முதலாளி மாத்தளை வரைக்கும் வந்தாரு" என்றார்.

இரண்டே வசனம். ஒன்று காசு, ஒன்று மனிதத்தன்மை. இரண்டும் வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021இல் ஒரு சட்டம் வந்தது தெரியுமா? கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்காருவதற்கு இருக்கை வைக்க வேண்டும் என்று. கேரளத்தில் அதற்கு முன்பே 2018இல் வந்துவிட்டது. உடுப்புக் கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்று கால் வீங்கிப் போராடிய பிறகு வந்த சட்டம் அது. ஒரு முக்காலிக்காகச் சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. காலி வீதியில் உள்ள எங்கள் முதலாளிமார் யாராவது வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்கே ஒரு கதிரை போடுங்கள். வாடிக்கைக்காரர் வரும்போது எழும்பி நிற்பார்கள். கால் வலிக்காதவளின் முகத்தில் சிரிப்பும் கொஞ்சம் கூட இருக்கும்.

தம்பி தங்கைமாருக்கும் ஒரு வார்த்தை. முற்பணம் வாங்கிக்கொண்டு சொல்லாமல் போவது பிழை. நீங்கள் அப்படிப் போனால் உங்களுக்குப் பின்னால் வருகிற பிள்ளையின் மீது முதலாளிக்கு நம்பிக்கை வராது. அவர் அடையாள அட்டையைப் பூட்டுவதற்கு நீங்களே திறப்பைக் கொடுக்கிறீர்கள். குறை இருந்தால் முதலில் வாயால் சொல்லுங்கள். பிறகு எங்களிடம் சொல்லுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களம் இருக்கிறது, தமிழில் எழுதிக் கொடுக்கலாம்.

முடிவாக, நாலே நாலு காரியத்தை முதலாளிமாரிடம் கேட்கிறோம். வேலைக்குச் சேரும் அன்றே சம்பளம் எவ்வளவு, நேரம் எவ்வளவு, லீவு எத்தனை என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள். சம்பளத்துக்கு ஒரு திகதி வையுங்கள், அந்தத் திகதி தவறக் கூடாது. அடையாள அட்டை அவனுடைய சட்டைப்பையில் இருக்கட்டும். மாதத்தில் ஒருநாள், கடை பூட்டிய பிறகு, அரை மணித்தியாலம் எல்லோரையும் இருத்தி, "என்ன குறை?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கோபப்படாமல் இருங்கள். அதுதான் கஷ்டமான பகுதி.

எங்கள் பக்கத்தில் நாங்களும் ஒரு வாக்குக் கொடுக்கிறோம். இனி ஒரு பிள்ளை எங்களுக்குப் போன் எடுத்து ஒரு குறை சொன்னால், "பொறுத்துக்கொள்" என்று சொல்லிப் போனை வைக்க மாட்டோம். அந்தப் பையன் ஐந்து மாதம் சொன்னான். முதலாளி கேட்டிருந்தால் அவருக்குத் தீபாவளி வியாபாரம் கிடைத்திருக்கும். நாங்கள் கேட்டிருந்தால் பாட்டியின் முகத்தைப் பார்க்க அவனுக்கு ஒரு நேரம் கிடைத்திருக்கும். அவன் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.